குழந்தையோட குணம்: பிறவியா, வளர்ப்பா, மூளையா? கேட் முன்னாடி அம்மாக்கள் கேட்ட கேள்விகள்

திண்டுக்கல் பக்கத்துல ஒரு சின்ன நர்சரி ஸ்கூல்ல பதினாறு வருஷமா எல்கேஜி எடுக்கறேன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போக வர்ற அம்மாக்கள், பாட்டிகள், சில அப்பாக்கள் எல்லாரும் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நிப்பாங்க. வருஷா வருஷம் ஆள் மாறுது, கேள்வி மட்டும் மாறவே இல்ல. முதல் நாலஞ்சு வருஷம் எனக்கே பதில் தெரியாம "போகப்போக சரியாயிரும்மா"ன்னு சொல்லி அனுப்பியிருக்கேன், அது மனசுல உறுத்தி அப்புறம்தான் தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சேன். நான் டாக்டர் இல்ல. படிச்சதையும் வகுப்புல கண்ணால பாத்ததையும் வச்சு, அவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு பதில் எழுதியிருக்கேன்.

1. "மிஸ், குணம் பிறக்கும்போதே வந்துருமா, இல்ல நாம வளர்க்கறதுலதான் இருக்கா?"

ரெண்டும்தான், ஆனா ரெண்டும் வேற வேற வேலை செய்யுது. குழந்தை பிறக்கும்போது கூடவே கொண்டு வர்றத டெம்பரமென்ட்னு சொல்றாங்க, நம்ம வீட்டுப் பெரியவங்க 'சுபாவம்'னு சொல்றது கிட்டத்தட்ட அதுதான். சட்டுனு அழறது, மெதுவா அழறது, புது ஆளப் பாத்தா ஒதுங்கறது, எந்நேரமும் கை கால ஆட்டிக்கிட்டே இருக்கறது, தூக்கம் பசி எல்லாம் டைம் தவறாம வர்றது இல்ல ஒரு ஒழுங்கே இல்லாம வர்றது, இதெல்லாம் சில மாசக் குழந்தைகிட்டயே பாத்துரலாம். மூணு பிள்ளை பெத்த எந்தப் பாட்டியக் கேட்டாலும் "இவன் வயித்துல இருக்கும்போதே உதைப்பான்"னு ஆரம்பிப்பாங்க.

நல்லவன், நேர்மையானவன், உதவுற மனசு, பொய் சொல்ற பழக்கம், இதெல்லாம் அதுக்கு மேல வீடும் பழக்கமும் சேந்து கட்டற கட்டடம். இரட்டைக் குழந்தைங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சிகள்ல, பிள்ளைங்களுக்கு நடுவுல சுபாவத்துல தெரியற வித்தியாசத்துல சுமாரா 20-ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் ஜீன் காரணம்னு வருது. மிச்சத்துல வீடு, அனுபவம், தற்செயல் எல்லாம் இருக்கு. 'பிறவிக் குணத்துக்கு மட்டை வச்சுக் கட்டினாலும் போகாது'ங்கறது பாதி உண்மைதான்.

2. "குழந்தைங்க மூணு வகைன்னு ஒரு வீடியோல சொன்னாங்க, என் பொண்ணு எதுல வருவா?"

அது நியூயார்க்ல 1956-ல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சியில இருந்து வந்தது. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு ரெண்டு மனநல டாக்டர்கள், கணவன் மனைவி, 133 குழந்தைங்கள கைக்குழந்தையில இருந்து பெரியவங்க ஆகற வரைக்கும் கூடவே போய்ப் பாத்தாங்க. அந்தக் காலத்துல குழந்தைக்கு எது வந்தாலும் அம்மா மேலதான் பழி, அது சரியில்லன்னு தோணித்தான் ஆரம்பிச்சாங்க. சுமார் 40 சதவீதம் எதுக்கும் ஈசியா பழகற குழந்தைங்க, 15 சதவீதம் மெதுவா பழகற குழந்தைங்க, 10 சதவீதம் சட்டுனு கொதிக்கற, எதுலயும் ஒழுங்குக்கு வராத கஷ்டமான குழந்தைங்க.

கூட்டிப் பாத்தீங்கன்னா 65 தான் வருது. மிச்சம் 35 சதவீதம் எந்த டப்பாவுலயும் அடங்கல. அத எந்த வீடியோலயும் சொல்ல மாட்டேங்கறாங்க. அதனால உங்க பொண்ணு எந்த வகைன்னு தேடறத விட, அவளுக்கு எது லேசா வருது, எது கஷ்டமா வருதுன்னு ஒரு வாரம் கவனிச்சு எழுதுங்க, அதுதான் உங்களுக்கு உதவும்.

3. "மூளையில அப்படி என்னதான் நடக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மிஸ்"

மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம்பருப்பு சைஸ்ல அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. 'இது புதுசு, ஆபத்தா இருக்கலாம், கவனி'ன்னு மணி அடிக்கறது அதோட வேலைகள்ல ஒன்னு. நெத்திக்குப் பின்னாடி ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ்னு இன்னொரு பகுதி, அது 'பரவால்ல, ஒன்னுமில்ல, பொறு'ன்னு மணிய அமத்தறது. மணி பிறக்கும்போதே வேலை செய்யுது. அமத்தற பகுதி முழுசா முதிர இருபது வயசு தாண்டி இருபத்தஞ்சு வரைக்கும் கூட ஆகுது. நாலு வயசுப் பிள்ளைகிட்ட "கொஞ்சம் பொறுமையா இருக்கத் தெரியாதா"ன்னு நாம கேக்கும்போது, இன்னும் கட்டி முடிக்காத வீட்டுல போய் விளக்கப் போடச் சொல்றோம்.

ஹார்வர்டுல ஜெரோம் கேகன்னு ஒரு பேராசிரியர், நாலு மாசக் குழந்தைங்கள மடக்கு நாற்காலியில சாய்ச்சு வச்சு, கண்ணு முன்னாடி கலர் பொம்மைகள ஆட்டிக் காட்டி, டேப்ல குரல் போட்டு, ஆல்கஹால் வாசனை உள்ள பஞ்ச மூக்குகிட்ட காட்டி பாத்தாரு. அஞ்சுல ஒரு குழந்தை கை கால உதறி, முதுக வளைச்சு அழுதுச்சு. அஞ்சுல ரெண்டு குழந்தை ஒன்னும் நடக்காத மாதிரி பாத்துக்கிட்டே இருந்துச்சு. உதறி அழுத குழந்தைங்கள்ல நிறைய பேர் ரெண்டு வயசுல புது ஆளப் பாத்தா அம்மா சேலைக்குள்ள ஒளியற குழந்தைங்களா ஆனாங்க. அந்த நாலு மாசத்துல அந்த அம்மாக்கள் என்ன தப்பு பண்ணியிருக்க முடியும் சொல்லுங்க, மணி கொஞ்சம் லேசா தட்டினாலே அடிக்கற மூளையோட அந்தக் குழந்தைங்க வந்திருக்கு, அவ்வளவுதான்.

4. "அப்போ கூச்ச சுபாவம் சாகற வரைக்கும் போகாதா?"

உள்ள இருக்கற மணி முழுசா மறையாது, வெளிய தெரியற நடத்தை நிறையவே மாறும். ரெண்டு வயசுல ரொம்ப ஒதுங்கின குழந்தைங்க சிலர, சுமார் இருபத்திரண்டு வயசுல கூப்பிட்டு ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு முன்னப்பின்ன தெரியாத முகங்களக் காட்டினாங்க, 2003-ல வந்த ஆராய்ச்சி அது. அவங்க அமிக்டலா மத்தவங்கள விட அதிகமாத்தான் எழும்பிச்சு. அதே சமயம் இப்படிப் பிறந்த குழந்தைங்கள்ல கடைசி வரைக்கும் ரொம்ப பயந்தவங்களாவே இருந்தது கொஞ்ச பேர்தான். பெரும்பாலானவங்க நடுவுல வந்து நின்னுட்டாங்க.

யாரு மாறினாங்க, யாரு மாறலன்னு மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல நேதன் ஃபாக்ஸ் குழு பாத்தாங்க. கடைசி வரைக்கும் ஒதுங்கியே இருந்த குழந்தைங்களுக்கு ஈஈஜி (தலையில ஒயர் ஒட்டி மூளையோட மின் அலைய அளக்கற சோதனை) எடுத்தா நெத்தியில வலது பக்கம் கொஞ்சம் அதிகமா வேலை செஞ்சுது. மாறின குழந்தைங்க நிறைய பேர், முதல் ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு வெளிய மத்த குழந்தைங்களோட பழகற இடத்துல கொஞ்ச நேரமாவது இருந்தவங்க. இதே துறையில வந்த மத்த ஆராய்ச்சிகள்ல, ஒரு சின்ன தடங்கல் வந்தாலே ஓடி வந்து தூக்கி, எல்லாத்தையும் தானே செஞ்சு குடுக்கற அம்மாவோட கூச்சக் குழந்தைங்க கூச்சமாவே இருந்துட்டாங்கன்னு வருது. பாசத்துலதான் செய்யறோம், ஆனா 'இது உனக்கு முடியாது'ங்கற சேதியத்தான் அந்தக் குழந்தை எடுத்துக்குது.

வகுப்புல நான் செய்யறது இதுதான். கூச்சக் குழந்தைய முதல் நாளே "மேடையில வந்து பாடு"ன்னு இழுக்க மாட்டேன், "அய்யோ பாவம், அவ வேணாம்"னு விட்டுரவும் மாட்டேன். முதல் வாரம் சாக்பீஸ் டப்பாவ எடுத்துட்டு வர்ற வேலை. அடுத்த வாரம் பக்கத்துல நிக்கற பிள்ளைக்கு சாக்பீஸ் குடுக்கற வேலை. அப்புறம் பேர் கூப்பிட்டு குடுக்கற வேலை. ஜூன்ல வாயே திறக்காத பொண்ணு பொங்கலுக்குள்ள அட்டென்டன்ஸ் கூப்பிடும்போது எனக்கு முன்னாடி அடுத்த பேரச் சொல்லிரும்.

5. "எங்க மாமியார் 'வளர்ப்பு சரியில்ல'ங்கறாங்க. நெசமாவே என் தப்பா மிஸ்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உக்காந்தேன். பிள்ளை கடையில புரண்டா 'வளர்ப்பு சரியில்ல', கல்யாண வீட்டுல யார்கிட்டயும் போகலன்னா 'வளர்ப்பு சரியில்ல', காதுகுத்துல தாய்மாமன் மடியில உக்காராம கத்தினா 'வளர்ப்பு சரியில்ல'. அப்பாவ யாரும் சொல்றதில்ல, அம்மாவத்தான். மூணாவது பதில்ல சொன்னேனே, நாலு மாசத்துலயே தெரியற வித்தியாசம் அது. உங்க தப்பு இல்ல.

ஆனா அதோட நிறுத்திட்டா முழுப் பதில் ஆகாது. தாமசும் செஸ்ஸும் கடைசியா கண்டுபிடிச்சது குழந்தை வகைய இல்ல, பொருத்தத்த. குழந்தையோட சுபாவமும் வீட்டோட எதிர்பார்ப்பும் ஒன்னுக்கொன்னு பொருந்தினா கஷ்டமான குழந்தை கூட நல்லா வந்துருச்சு, பொருந்தலன்னா ஈசியான குழந்தை கூட தடுமாறிச்சு. நாம கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கறோம், பிள்ளைக்கும் நமக்கும் பொருத்தம் இருக்கான்னு யோசிக்கறதே இல்ல.

எங்கிட்ட ஒரு பையன் இருந்தான், ஒரு இடத்துல உக்காரவே மாட்டான். அப்பா ரொம்ப அமைதியான மனுஷன், அவரால அந்த ஓட்டத்த தாங்கவே முடியல, தினமும் "சும்மா உக்காருடா"ன்னு சத்தம். அதே பையன் லீவுல தாத்தா ஊருக்குப் போனா ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல, ஏன்னா அங்க ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடவும் மோட்டார் தொட்டியில குதிக்கவும் இடம் இருந்துச்சு. பையன் மாறல, இடம் மாறிச்சு. அப்புறம் அந்த அப்பா ஸ்கூல் விட்டதும் நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம அரைமணி நேரம் மைதானத்துல விட்டுட்டுப் போக ஆரம்பிச்சாரு, ராத்திரி சத்தம் பாதியா குறைஞ்சுதுன்னு அவரே வந்து சொன்னாரு.

6. "ஒரே வயிறு, ஒரே சோறு, மூத்தவன் பசு, சின்னவன் புலி. எப்படி மிஸ்?"

கூடப்பிறந்தவங்க சராசரியா பாதி ஜீனத்தான் பங்கு போட்டுக்கறாங்க. அதுபோக ஒரே வீடுன்னாலும் ஒரே வீடு கிடையாது. மூத்தவன் பிறக்கும்போது நீங்க பயந்த புது அம்மா, சின்னவன் பிறக்கும்போது வீட்டுல ஏற்கனவே ஒரு அண்ணன். தாயைப் போல பிள்ளைன்னு சொல்றோம், ஒரே தாய் ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு தாயா இருக்காங்க. ஒப்பிட்டு மட்டும் பேசாதீங்க, பசுவுக்கும் வலிக்கும் புலிக்கும் வலிக்கும்.

7. "ரெண்டரை வயசு, நினைச்சது கிடைக்கலன்னா தரையில புரண்டு அழறான், என்ன பண்றது?"

மணி அடிச்சிருச்சு, அமத்தற பகுதி இன்னும் கட்டல (மூணாவது பதில பாருங்க). அதனால அந்த நேரத்துக்கு உங்க மூளையக் கடன் குடுக்கணும். முதல்ல நீங்க குரல இறக்குங்க. அடிபடாத இடமான்னு பாருங்க. பக்கத்துல உக்காந்து "அந்த பலூன் வேணும்னு கோவம் வந்துருச்சு"ன்னு ஒரே வரி சொல்லுங்க, லெக்சர் வேண்டாம், அப்போ அவன் காதுல எதுவும் ஏறாது. அழுகை இறங்க ஆரம்பிக்கும்போது ஒரு வாய் தண்ணி குடுங்க. வகுப்புல நான் எல்லாப் பிள்ளைக்கும் 'கோவம் வந்தா தண்ணி'ன்னு பழக்கி வச்சிருக்கேன், விழுங்கும்போது மூச்சு தானா மெதுவாகுது, அதோட அழறத விட்டு செய்யறதுக்கு ஒரு வேலை கிடைக்குது.

அப்புறம் அந்த பலூன வாங்கிக் குடுக்காதீங்க. பலர் இங்கதான் தப்பா புரிஞ்சுக்கறாங்க. கோவத்த ஏத்துக்கறது வேற, கேட்டதெல்லாம் குடுக்கறது வேற. இப்படி நூறு தடவை, இருநூறு தடவை கூட உக்காந்த அப்புறம் ஒருநாள் தானே அடங்குவான், அந்த நூறு தடவையும் வீணா போகல, நெத்திக்குப் பின்னாடி இருக்கற அந்த வயரிங் அப்படித்தான் பலமாகுது.

8. "அடியாத மாடு படியாதுன்னு சொல்வாங்களே, நாங்கல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?"

நல்லா இருக்கீங்க, சந்தோஷம். அடி வாங்கினதாலயா, அடிச்ச கையே அன்னிக்கு ராத்திரி சோறும் ஊட்டினதாலயான்னு யோசிச்சுப் பாருங்க. 1.6 லட்சம் குழந்தைங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சிகள எல்லாம் ஒன்னா சேத்து 2016-ல அமெரிக்காவுல பாத்தாங்க. அடி வாங்கற குழந்தைங்களுக்கு முரட்டுத்தனம், கவலை, பெத்தவங்களோட விரிசல் இதெல்லாம் அதிகமாத்தான் வருதே தவிர, சொன்ன பேச்சக் கேக்கறது கூடினதா எங்கயும் தெரியல. 2021-ல ஹார்வர்டுல வந்த ஒரு ஆராய்ச்சியில, சாதாரணமா கையால அடி வாங்கற குழந்தைங்களுக்குக் கூட பயந்த முகத்தப் பாத்தா மூளை அதிகமா எகிறுது. ஏற்கனவே லேசா தட்டினாலே மணி அடிக்கற குழந்தைக்கு, நாம அத இன்னும் சுலபமா அடிக்கற மாதிரி ஆக்கி விடறோம்.

கிரேசினா கொஹான்ஸ்கான்னு ஒரு பெண் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல அயோவால செஞ்ச வேலை எனக்கு வகுப்புல ரொம்ப கை குடுத்துச்சு. பயந்த சுபாவக் குழந்தைக்கு மெதுவா சொன்னாலே மனசாட்சி வளருது, அதட்டினா பயம் மட்டும்தான் மூளையில நிக்குது, என்ன தப்புன்னு பதியறதில்ல. பயமே இல்லாத குழந்தைக்கு மெதுவா சொன்னாலும் ஏறாது, அதட்டினாலும் ஏறாது, அம்மா மேல இருக்கற பிரியத்துக்காகத்தான் அது கேக்கும். அதனால அந்தக் குழந்தையோட சேந்து சிரிக்கற நேரத்தக் கூட்டணும். இதுல எந்தக் குழந்தைக்கும் பிரம்புக்கு இடமே வரல. பள்ளிக்கூடத்துல அடிக்கறதும் மனசு நோகடிக்கறதும் 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி தடை, அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

9. "பூச்சாண்டி வர்றான், டாக்டர் ஊசி போட்டுருவாருன்னு சொன்னா ஒரு வாய் கூட வாங்குது, தப்பா?"

தப்புதான். மறுபடியும் அந்த மணிதான். பயமில்லாத குழந்தை ரெண்டு நாள்ல பூச்சாண்டி பொய்னு கண்டுபிடிச்சுரும், பயந்த குழந்தை ராத்திரி பாத்ரூம் போகக் கூட எழுந்திரிக்காது. டாக்டர்னு பயம் காட்டி வச்சா, நெசமாவே காய்ச்சல் வரும்போது ஆஸ்பத்திரி வாசல்ல நீங்கதான் கஷ்டப்படுவீங்க. "மிஸ்கிட்ட சொல்லிருவேன்"னும் சொல்லாதீங்க, நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

10. "அழுதா உடனே தூக்கக் கூடாதாமே, கைப்பழக்கம் ஆயிருமாமே?"

கைக்குழந்தைய தூக்கிக் கெடுக்க முடியாது. எட்வர்ட் ட்ரானிக்னு ஒருத்தர் 1970-கள்ல ஒரு சோதனை செஞ்சாரு. அம்மா குழந்தையோட கொஞ்சி விளையாடணும், அப்புறம் ரெண்டு மூணு நிமிஷம் முகத்துல எந்த அசைவும் இல்லாம கல்லு மாதிரி பாக்கணும், அவ்வளவுதான். குழந்தை முதல்ல சிரிச்சுப் பாக்குது, கைய நீட்டுது, கத்துது, ஒன்னும் நடக்கலன்னா முகத்தத் திருப்பிக்கிட்டு உடைஞ்சு போகுது. பேசத் தெரியாத குழந்தை பேச்சுக்குப் பதில் எவ்வளவு எதிர்பாக்குதுன்னு அதப் பாத்தா தெரியும். நம்ம ஊர்ல உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு, விரல் விரலா சோறு குடுத்து, கையில ஊர்ந்து போய் அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டுவோமே, அதுல குழந்தை விரல் முழங்கை தாண்டும்போதே சிரிக்க ஆரம்பிக்கும், அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சு காத்திருந்து, அது வந்தும் சேருது. அந்தச் சின்ன மூளைக்கு 'உலகம் நம்பற மாதிரி இருக்கு'ன்னு சொல்லிக் குடுக்கற பாடம் அது. பாட்டிகளுக்கு யாரும் வகுப்பு எடுக்கல.

1996-ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில ஒன்றரை வயசுக் குழந்தைங்க முன்னாடி கோமாளி வேஷம் போட்ட ஆள், புது பொம்மை இதெல்லாம் கொண்டு வந்து, எச்சில்ல கார்டிசால்னு ஸ்ட்ரெஸ் ஹார்மோன அளந்தாங்க. கூச்ச சுபாவம், அம்மாகிட்ட நம்பிக்கையும் இல்லாத குழந்தைங்களுக்கு அது ஏறிச்சு. அதே கூச்சம், ஆனா அம்மா மேல முழு நம்பிக்கை இருந்த குழந்தைங்களுக்கு ஏறல. ரெண்டு பேருமே ஒதுங்கித்தான் நின்னாங்க, வெளிய பாத்தா ஒரே மாதிரி, உள்ள உடம்பு வேற மாதிரி. இத நான் படிச்ச அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூங்கல, அம்மாவோட மடி ரத்தத்துக்குள்ளயே வேலை செய்யுதுன்னா பாருங்க.

11. "நான் மில்லுக்கு வேலைக்குப் போறேன், பாட்டிதான் பாத்துக்கறாங்க, பிள்ளை கெட்டுப் போயிருமா?"

போகாது. குழந்தைக்கு வேணுங்கறது தினமும் மாறாத, தன்னக் கவனிக்கற ஒன்னு ரெண்டு முகங்கள். அந்த முகமே இல்லாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு ருமேனியாவுல புக்கரெஸ்ட் நகர அனாதை இல்லங்கள்ல பாத்த கொடுமைதான் சாட்சி. ஒரு ஆயாவுக்கு ஏகப்பட்ட குழந்தைங்க, பால் இருக்கு, தொட்டில் இருக்கு, அழுதா திரும்பிப் பாக்க ஆள் இல்ல. 2000-த்துல ஆரம்பிச்சு 136 குழந்தைங்கள்ல பாதிப் பேர வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்க. இல்லத்துல இருந்த குழந்தைங்க மூளையோட மின் அலைகளே மங்கலா இருந்துச்சு. ரெண்டு வயசுக்குள்ள குடும்பத்துக்குப் போன குழந்தைங்களுக்கு எட்டு வயசுல அது மத்த குழந்தைங்க மாதிரியே ஆகியிருந்துச்சு. உங்க பிள்ளைக்கு பாட்டி இருக்காங்க, ஷிஃப்ட் முடிஞ்சு நீங்க இருக்கீங்க. வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிஷம் அடுப்பங்கரைக்குப் போகாம பிள்ளையோட தரையில உக்காருங்க, அது போதும்.

பிரசவத்துக்கு அப்புறம் வாரக்கணக்கா அழுகை, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா மட்டும் தள்ளிப் போடாதீங்க. அது திமிரோ சோம்பேறித்தனமோ இல்ல, மருத்துவம் பாத்தா சரியாகற நோய்.

12. "செல்ல குடுத்தா கப்புனு அடங்கிருது, வேலை ஓடுது, அதுல என்ன இருக்கு?"

உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது, ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம், அதுக்கப்புறம் நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். சமைக்கும்போது பத்து நிமிஷம் பாத்தா உலகம் முழுகிராது. எனக்குப் பயம் வேற இடத்துல. அழும்போதெல்லாம் செல் குடுத்தா ஏழாவது பதில்ல சொன்ன அந்த நூறு தடவை பழக்கம் நடக்கவே நடக்காது, அடங்கறது செல், குழந்தை இல்ல. மிச்சிகன்ல 2022-ல வந்த ஒரு ஆராய்ச்சியில 3-ல இருந்து 5 வயசுப் பிள்ளைங்கள்ல, அழுகைய அமத்தறதுக்காக அடிக்கடி செல் குடுத்த பிள்ளைங்களுக்கு சில மாசத்துல கோவதாபம் கூடியிருந்துச்சு, அதுவும் ஏற்கனவே துறுதுறுன்னு இருக்கற பிள்ளைங்களுக்கு அதிகமா.

13. "என் பையனுக்கு எட்டு வயசாயிருச்சு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா மிஸ்?"

அஞ்சு வயசுக்குள்ள மூளை எடையில பெரியவங்க அளவுல கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் வந்துருது, அதனால அந்த வருஷங்கள் பெரிய வருஷங்கள்தான். ஆனா எடை வேற, வயரிங் வேற. மூணாவது பதில்ல சொன்ன மாதிரி இருபத்தஞ்சு வரைக்கும் வேலை நடக்குது.

நியூசிலாந்துல டுனெடின் நகரத்துல 1972, 73-ல பிறந்த 1,037 குழந்தைங்கள இன்னிக்கு வரைக்கும் விடாம பாத்துட்டு வர்றாங்க. சின்ன வயசுல பொறுமை, தன்னடக்கம் குறைவா இருந்தவங்களுக்கு 32 வயசுல உடம்பு, பணம், சட்டச் சிக்கல் எல்லாத்துலயும் கஷ்டம் கூடுதலா இருந்துச்சு, படிச்சா பயமாத்தான் இருக்கும். ஆனா அதே ஆராய்ச்சியில, நடுவுல தன்னடக்கம் முன்னேறின பிள்ளைங்க எதிர்பாத்தத விட நல்லா இருந்தாங்க. எட்டு வயசெல்லாம் ஒரு வயசா, இன்னும் உங்க கையப் பிடிச்சுத்தான ரோட்டக் கடக்கறான்.

14. "எங்க பாப்பா தொட்டாச்சிணுங்கி. வெளி உலகத்துல எப்படி பிழைப்பா?"

இந்தக் குழந்தைங்க பத்தி ஆராய்ச்சியாளர்கள் தங்கள் எண்ணத்த மாத்திக்கிட்டாங்க. முன்னாடி 'சீக்கிரம் பாதிக்கப்படற குழந்தை'ன்னு மட்டும் நினைச்சாங்க. ஜே பெல்ஸ்கி, தாமஸ் பாய்ஸ் மாதிரி ஆளுங்க பாத்தப்போ, வீடு மோசமா இருந்தா இவங்கதான் எல்லாரையும் விட அதிகமா வாடறாங்க, அதே வீடு நல்லா இருந்தா எல்லாரையும் விட நல்லா தழைக்கறாங்க. இப்படிப் பாத்துப் பாத்து வளர்க்க வேண்டிய குழந்தைய ஆர்க்கிட் பூன்னும், எங்க விழுந்தாலும் முளைக்கற மாதிரி இருக்கற குழந்தைய டேண்டிலியன்னும் பாய்ஸ் தரப்புல பேர் வச்சாங்க. நம்ம பக்கம் சொல்லணும்னா எருக்கஞ்செடி எந்தக் கட்டாந்தரையிலயும் வரும், வெத்தலைக் கொடிக்கு நிழல், ஈரம், பந்தல் எல்லாம் பாத்துப் பாத்துக் குடுக்கணும். வெத்தலைக் கொடி பலவீனமான செடின்னு யாரும் சொல்றதில்லையே.

15. "பொண்ணு கூச்சப்பட்டா அடக்கமானவங்கறாங்க, பையன் கூச்சப்பட்டா பொட்டப்புள்ள மாதிரிங்கறாங்க. எது சரி?"

ரெண்டுமே அநியாயம். சுபாவம் ஒன்னுதான், அத ஊர் எப்படிப் பாக்குதுங்கறதப் பொறுத்து குழந்தையோட வாழ்க்கை மாறுது. ஷாங்காய்ல சீனக் குழந்தைங்கள 1990-ல பாத்தப்போ கூச்சமான பிள்ளைங்கள கூட இருக்கற பிள்ளைங்களுக்கும் பிடிச்சுது, டீச்சர்களும் மெச்சினாங்க. அதே காலத்துல கனடாவுல கூச்சப் பிள்ளைங்க ஒதுக்கப்பட்டாங்க. 2002-ல திரும்ப ஷாங்காய்ல பாத்தா, போட்டியும் வியாபாரமும் பெருகின ஊர்ல இப்போ கூச்சப் பிள்ளைங்க ஒதுக்கப்பட்டு சோர்ந்து போயிருந்தாங்க. பன்னிரண்டே வருஷத்துல குழந்தைங்க ஜீனா மாறிருச்சு, ஊர்தான் மாறிச்சு.

பொண்ணு கூச்சத்த 'அடக்கம்'னு கொண்டாடினா அவளுக்கு உதவி தேவைப்பட்டாலும் யாரும் பாக்க மாட்டாங்க. எனக்கு வகுப்புல ரொம்ப பயம் இந்த அமைதியான பொண்ணுங்கள நினைச்சுத்தான். பாத்ரூம் போகணும்னு கேக்கத் தெரியாம பாவாடைய நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், ரிப்போர்ட் கார்டுல 'வெரி குட் கேர்ள்'னு எழுதியிருப்போம். பையன கேலி பண்ணா அவன் கூச்சம் போகாது, கூச்சத்துக்கு மேல அவமானமும் சேரும்.

16. "இது சுபாவமா, இல்ல ஆட்டிசம், ஏடிஹெச்டி மாதிரி ஏதாவதா? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஆட்டிசம்னா மத்தவங்களோட பேசிப் பழகறதுல வர்ற வளர்ச்சி வித்தியாசம், ஏடிஹெச்டின்னா கவனம் நிக்காம அளவு மீறின துறுதுறுப்பு. நான் சொல்லி நீங்க முடிவு பண்ணக் கூடாது, வீடியோ பாத்தும் முடிவு பண்ணக் கூடாது. ஆனா எப்போ காட்டணும்னு சொல்ல முடியும். ஒரு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, ஒன்றரை வயசாகியும் நிலாவையோ நாய்க்குட்டியையோ விரல் நீட்டிக் காட்டல, பேசிட்டு இருந்த வார்த்தைங்க நின்னு போச்சு, இதுல எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கூச்சக் குழந்தை புது ஆள்கிட்ட போகாது, ஆனா அம்மா முகத்தத் திரும்பித் திரும்பிப் பாக்கும். வீட்டுல கடகடன்னு பேசற பிள்ளை ஸ்கூல்ல மட்டும் சேந்த முதல் மாசம் தாண்டியும் ஒரு வார்த்தை கூட பேசலன்னா, அதுவும் வெறும் கூச்சம்னு விடாம காட்ட வேண்டிய விஷயம். துறுதுறுப்பு வீட்டுலயும் ஸ்கூல்லயும் ரெண்டு இடத்துலயும் மாசக்கணக்கா படிப்பையும் நட்பையும் கெடுக்குதுன்னா காட்டுங்க.

அரசு ஆஸ்பத்திரியில குழந்தைங்க டாக்டர்கிட்ட முதல்ல போங்க, மாவட்டத்துல ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, அவங்களே அங்க அனுப்புவாங்க, இலவசம். போன்ல மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசலாம். குழந்தைய யாராவது துன்புறுத்தறாங்கன்னு தெரிஞ்சா 1098.

17. "நான் ஏற்கனவே நிறைய கத்திட்டேன், அடிச்சும் இருக்கேன். இனிமே சரி பண்ண முடியுமா மிஸ்?"

இத எல்லாரும் போன பின்னாடி, கடைசியா தனியா நின்னுதான் கேப்பாங்க, பாதிப் பேர் கண்ணுல தண்ணியோட. முடியும். பத்தாவது பதில்ல சொன்ன ட்ரானிக், நல்லா ஒட்டுதலா இருக்கற அம்மாவும் குழந்தையும் கூட பாதி நேரத்துக்கு மேல ஒருத்தருக்கொருத்தர் இசைஞ்சு போறதில்லன்னுதான் பாத்தாரு. விட்டுப் போனத திரும்ப வந்து ஒட்ட வைக்கறதுதான் குழந்தைக்கு நம்பிக்கைய குடுக்குது. முறிஞ்சா திரும்ப சேரும்னு தெரிஞ்ச குழந்தைக்கு கோவம்னா உலகம் முடிஞ்சதுன்னு தோணாது.

எப்படின்னா, அன்னிக்கே, தூங்கறதுக்கு முன்னாடி, குழந்தை கண் மட்டத்துக்குக் குனிஞ்சு "அம்மா கத்தினது தப்பு, எனக்கு கோவம் வந்துருச்சு, கத்தாம சொல்லப் பாக்கறேன்". மூணு வரி, அவ்வளவுதான். "நீ அப்படிப் பண்ணதாலதான்"னு நாலாவது வரி சேக்காதீங்க, சேத்தா அது மன்னிப்பு இல்ல, இன்னொரு திட்டு. அஞ்சாவது பதில்ல சொன்ன அந்த அப்பா ஒருநாள் இப்படிச் சொன்னப்போ பையன் ஒன்னும் பேசாம எழுந்து போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து குடுத்திருக்கான். மறுநாளும் அவருக்கு கோவம் வந்துச்சு, கத்தியும் இருக்காரு, ராத்திரி திரும்ப அந்த மூணு வரியச் சொல்லியிருக்காரு. நீங்களும் இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க, அடுத்த வாரம் எப்படி இருக்குன்னு கேட்ல வந்து சொல்லுங்க.